வெட்டிக் கூட்டம்

"ஏங்க, வேலை செய்றவங்க ஒருத்தரையொருத்தர் தெரிஞ்சுக்கிற வெப்சைட் இருக்காமே, அதுல சேர்ந்தா பிரயோஜனம் உண்டா?"

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த கணவர் நிமிரவே இல்லை. "எல்லாம் வேலை வெட்டி இல்லாத கூட்டம். ஆபீசுக்கு நேரமாச்சு, ஆளை விடு."

"போன வாரமே சேர்ந்தாச்சு. இன்னைக்கு பதினோரு மணிக்கு இன்டர்வியூ."

"இத்தனை வருஷம் வீட்டுல இருந்தவளுக்கு எவன் வேலை தரப்போறான்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. "ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர் வேலைங்க."

"ஸ்டோர்ஸா? அதுல உனக்கு என்ன தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது. அதான் உங்க பேர்ல சேர்ந்தேன்."

லேஸைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

"அந்த வெப்சைட்ல உங்க கம்பெனி பேரைப் போட்டுப் பார்த்தேன். இழுத்து மூடி ஒரு மாசமாச்சாம். மேனேஜர்ல இருந்து டிரைவர் வரைக்கும் அத்தனை பேரும் அங்கேதான் வேலை தேடறாங்க. நீங்க ஒருத்தர்தான் இன்னும் ஆபீஸ் போய்ட்டிருக்கீங்க."

அவர் தலை நிமிரவில்லை. அவள் குனிந்து, பாதியில் நின்ற முடிச்சைத் தானே போட்டுவிட்டாள்.

"இன்னைக்கு டிபன் பாக்ஸ் கட்டலை. எந்த பார்க்லயும் உட்காராம, இன்டர்வியூ முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வாங்க. சேர்ந்து சாப்பிடலாம்."