சரின்னுட்டாங்க

"வேலை உங்களுக்குத்தான். மாசம் இருபத்திரண்டாயிரம் தரலாம்னு இருக்கோம்" என்று சொல்லிவிட்டு, மேசைமேல் இருந்த கண்ணாடிப் பேப்பர் வெயிட்டை முதலாளி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். சுகந்தி பேசவில்லை. 'தொகையச் சொன்னதும் வாயத் தொறந்துடாதடி. கம்முனு இருந்தாலே அவங்களா ஏத்துவாங்க' என்று தோழி வனஜா சொல்லி அனுப்பியிருந்தாள். ஏறி இறங்கிய அலுவலகங்களில் எல்லாம் பேசிப் பேசியே அலுத்துப்போனவளுக்கு, சும்மா இருப்பது நெடுநேரம் நின்றுவந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்த மாதிரி இருந்தது. கண்ணாடிக்குள் அடைபட்ட சிவப்புப் பூ சுற்றிச் சுற்றி, வேகம் குறைந்து, தள்ளாடி நின்றது. அவர் மறுபடி சுற்றிவிட்டார். அவள் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் முறையும் அது நின்றபோது அவர் முகம் மலர்ந்தது. கதவுப் பக்கம் திரும்பி, "மேடம் சரின்னுட்டாங்க. காபி கொண்டாங்கப்பா" என்று குரல் கொடுத்தார். அவளைப் பெண் பார்க்க வந்த அன்று, உள்ளறையில் தலைகுனிந்து நின்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கூடத்துக்குப் போன அப்பாவும் இதே குரலில்தான் சொன்னார்: "பொண்ணு சரின்னுட்டா. தட்ட மாத்திடலாம்." காபி வந்தது. முதலாளி எழுந்து, "அப்ப திங்கக்கிழமை வந்துடுங்க" என்று கைகூப்பினார். சுகந்தி எழவில்லை. மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி, பேப்பர் வெயிட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள்.