போனஸ் ஞாயிறு

தீபாவளிக்கு முந்தின ஞாயிறு, கம்பெனிகளில் போனஸ் போட்ட மறுநாள், பாதி விலைத் தள்ளுபடி. நல்லூரில் அந்த ஜவுளிக்கடை ஷட்டருக்கு வெளியே அறுநூறு பேர். போன வருஷ நெரிசலில் ஒரு பெண்ணுக்குக் கை முறிந்திருந்தது. இந்த வருஷம் ஒருத்தர் விழுந்தாலும் மேனேஜர் பூபாலனுக்கு வேலை இல்லை என்று ஏசி அறையில் இருந்தபடியே முதலாளி சொல்லிவிட்டார்.

"ஆஃபர்னா போதும், ஆடு மாடாட்ட முட்டிக்குவாங்க" என்று முனகிக்கொண்டே பூபாலன் ஷட்டரைத் தூக்கினார்.

யாரும் முட்டவில்லை. படியில் நின்ற ஒரு பெண் கையை உயர்த்தினாள். "கொழந்தைத் துணி எடுக்கறவங்க இடப்பக்கம், பெரியவங்க துணி வலப்பக்கம். இருபது இருபது பேராப் போங்க. ஏனுங்க பெரியம்மா, துணி எங்கயும் ஓடிப்போகாதுங்க, மெதுவா வாங்க."

மதியம் வரை ஒருவரும் விழவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்த செக்யூரிட்டி ஏஜென்சிக்கு பூபாலன் போன் போட்டார். "நீங்க அனுப்புன பொண்ணு தங்கமுங்க. தீபாவளி வரைக்கும் அவங்களையே அனுப்புங்க."

"பொண்ணு யாரையும் அனுப்பலீங்க சார். எங்காளுக்குக் காய்ச்சல், வரவே இல்லீங்க."

பூபாலன் படிக்கு ஓடினார். "ஏம்மா, நீங்க யாருங்க?"

"சித்ரகலாங்க. பனியன் கம்பெனியில பேக்கிங் செக்‌ஷன். சைஸ் வாரியாப் பிரிச்சு அனுப்பறது தினமும் பாக்கற வேலைதானுங்க. துணி எடுக்க வந்து நாலாவதா நின்னேன். பின்னால தள்ளுனாங்க, அதான் படியேறிட்டேன்."

பூபாலன் கும்பிட்டார். "முதல்ல நீங்க உள்ள வாங்க."

"நானே குறுக்க பூந்தா, அப்புறம் வரிசையில யாருங்க நிப்பாங்க?"

சித்ரகலா வரிசையின் கடைசிக்கு நடந்தாள்.