கடைசி வரை இருந்தவர்கள்

காவேரி விருட்டென்று எழுந்ததை வகுப்பில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெஞ்சில் வைத்திருந்த வயர் கூடையைக்கூட எடுக்காமல், விடுவிடுவென்று சர்ச் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்ன பேசினோம் என்றே ஏஞ்சலுக்குத் தெரியவில்லை. எப்படியோ பாடத்தை முடித்து, ஜெபம் செய்து, எல்லோரையும் அனுப்பிவைத்தாள். கடைசி பெஞ்சில் தனசேகரன் சார் மட்டும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார்.

இருபது வருடமாக இந்தச் சபையில் வேதபாட வகுப்புகள் சாரின் பொறுப்பு. வசனம், விளக்கம், மூன்று குறிப்பு, மனப்பாடம், ஜெபம். நாற்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு நிமிடம் கூடாது, குறையாது.

ஆனால் வெள்ளிக்கிழமை வகுப்புக்கு இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண்கள். என்னதான் சொல்கிறார்கள் கேட்போமே என்று வருகிறவர்கள். பைபிளைத் திறந்தே பார்க்காதவர்களிடம் எடுத்த எடுப்பில் வசனத்தை நீட்டினால் எப்படி என்று ஏஞ்சல் கேட்டாள். அவர்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு சம்பவம் முதலில், வசனம் அப்புறம் என்பது அவள் முறை.

மூன்று மாதம் கெஞ்சியதில் சார் இறங்கி வந்தார். ஒரே பாடத்தைப் போன வாரம் அவர் முறையில் அவர் நடத்தினார், இந்த வாரம் ஏஞ்சல். இது சரிப்படாவிட்டால் வெளியாட்களுக்குத் தனி வகுப்பு, அதில் ஏஞ்சலுக்கு வேலையில்லை.

"இங்க பாரும்மா." சார் தாளை நீட்டினார். "என் வகுப்புக்கு வந்தவங்க பதினெட்டு, கடைசி வரை இருந்தவங்க பதினெட்டு. உன் வகுப்புல பதினேழு. போன வாரம் இதே காவேரி ஆடாம அசையாம உக்காந்துக்கினு இருந்துச்சி."

தூங்கிக்கினு இருந்துச்சி சார் என்று நாக்கு நுனி வரை வந்ததை ஏஞ்சல் விழுங்கிக்கொண்டாள்.

கேட்டுக்கும் பெஞ்சுக்குமாக நடந்தாள். காவேரியின் எண்ணுக்குப் போன் போட்டாள். கூடைக்குள்ளிருந்து மணி அடித்தது. எட்டிப் பார்த்தாள். மல்லிகைச் சரம், ஒரு தேங்காய், இரண்டு எலுமிச்சம்பழம், நடுவில் போன். வகுப்பு முடிந்ததும் காமாட்சி கோயிலுக்குப் போகக் கொண்டுவந்தது.

"நீ கோயிலை இழுத்திருக்கக் கூடாதும்மா," என்றார் சார். "அவங்க மனசு புண்படாதா?"

அதைத்தான் அவளும் நினைத்துக்கொண்டிருந்தாள். மத்தேயு ஐந்தாம் அதிகாரம், பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுபோகிறவனைப் பற்றிய வசனம். பலிபீடம் என்றால் இவர்களுக்கு என்ன தெரியும் என்று, காவேரியின் கூடையையே காட்டிச் சொன்னாள். 'பூவும் தேங்காயும் எடுத்துக்கினு கோயிலுக்குப் போறீங்க. வாசல்ல நிக்கறப்ப, உங்க மேல மனவருத்தமா இருக்கிற ஒருத்தர் ஞாபகம் வருது.' அதுவரை எல்லோரும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அடுத்த வரியைச் சொன்னதும் காவேரி எழுந்துவிட்டாள்.

ஒரு மனுஷியின் சாமி கும்பிடலைப் போய் உதாரணமாக்கி, அவளை எல்லோர் முன்னாலும் குத்திக்காட்டிவிட்டோமே. வகுப்பு போனால் போகட்டும், காவேரியின் முகத்தில் எப்படி விழிப்பது? ஏஞ்சலுக்கு அழுகை முட்டியது.

"நான் போய் கூடையக் குடுத்து மன்னிப்புக் கேட்டுட்டு வரேன் சார்."

"இரு. இதை எழுதிட்டு நானும் வரேன்," என்று சார் தாளின் அடியில் 'சரிப்படவில்லை' என்பதன் முதல் எழுத்தைப் போட்டார்.

வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. காவேரி இறங்கினாள். வியர்த்து, தலை கலைந்து, கண் சிவந்திருந்தது. ஆளைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வந்துவிட்டாள் என்றுதான் ஏஞ்சல் நினைத்தாள், ஏனென்றால் அவள் பின்னாலேயே அதே சாயலில் இன்னொரு பெண் இறங்கினாள்.

ஏஞ்சல் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். "அக்கா, நான் ஏதாவது தப்பா..."

"குடும்மா, நடை தொறந்திருப்பாங்க." காவேரி கூடையை வாங்கிக்கொண்டாள். மற்றக் கையால் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், விட்டால் ஓடிவிடுவாள் என்பதுபோல. "இது எந்தங்கச்சி மஹாலட்சுமி. செவிலிமேட்டுல இருக்குது. நாலு வருஷமா நாங்க பேசிக்கல. தப்பு எம்மேலதான்."

தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

சாருக்குக் கணக்கு உதைத்தது. தாளோடு எழுந்து வந்தார்.

"நல்லதுதாம்மா. ஆனா பாடம் முடியற வரைக்குமாவது நீ உக்காந்திருக்கலாமே?"

காவேரி அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"கூடைய அங்கியே வெச்சிட்டு மொதல்ல போய் சமாதானமாவுன்னு, பாடத்துலதானே சார் சொன்னாங்க?"