கையால் சொன்னது

"காது கேளாத பிள்ளைக்கும் படிக்க உரிமை இருக்கு, அக்கா. அதை நீங்க மறிக்கேலாது."

சைகைமொழி ஆசிரியை றஞ்சிதா வாகரைக் கிராமத்து வீட்டுக்கு நடையாய் நடந்து கேட்டபிறகுதான், ஈழத்துச் சண்டை முடிந்த அந்த வருடம், சுலோஜனா மகன் கிரிசாந்தைப் பள்ளிக்கு அனுப்பினாள்.

சில மாதம் கழித்து, பள்ளி விடுதியில் அவனைப் பார்க்கப் போனபோது ஆசிரியை சிரித்தபடி வந்தாள்.

"இப்ப கையால நல்லாக் கதைக்கிறான். ஒண்டை மட்டும் பிழையாச் சொல்லுறான். சுனாமி அவன்ட அம்மாவைக் கொண்டுபோயிற்றாம். நீங்க இருக்கிறீங்கதானே!"

சுலோஜனா அப்படியே தரையில் குந்திவிட்டாள்.

"பிழையில்ல, டீச்சர். நான் பெத்தவனையும் அண்டைக்குத்தான் கடல் கொண்டுபோச்சு. பனையடியில தனியக் கிடந்த இவனைத் தூக்கிவந்து, என்ட மகன்ட பேரை வச்சு வளத்தன். வாய் பேசாத பிள்ளை, எல்லாத்தையும் மறந்திருப்பான் எண்டு நினைச்சன்… இவ்வளவு நாளும் தெரிஞ்சுகொண்டா என்னோட இருந்தவன்?"