நாத்தனார் பட்டணம் பார்த்தது

பட்டணம் பார்க்க வந்தவள் பட்டணத்தைப் பார்க்க வேண்டாமா? பூவம்மாள் காலையிலிருந்து தம்பி பெண்டாட்டி அஞ்சம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதிலும், அவளுடைய வலது கையை.

அஞ்சம்மாள் தலைப்பை இழுத்துக் கையை மூடிக்கொண்டாள். போன வருஷம் பொட்டாகத் தொடங்கிய வெள்ளை, இப்போது வெற்றிலை அகலம். அதற்குப் பயந்துதான் சொந்த ஊரான ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஒரு கல்யாணம், காதுகுத்துக்குக்கூட அவள் தலைகாட்டுவதில்லை. புருஷன் குப்புராஜ் தங்கமானவன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அக்கா பேச்சைத் தட்டாதவன். அந்த அக்கா, 'இவள அவங்க அம்மா ஊட்டுக்கே அனுப்புடா' என்று சொல்லிவிட்டால் என்ன ஆவது?

நாத்தனார் வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறாள். இல்லாவிட்டால் தை அமாவாசையும் அதுவுமாக யாராவது ஊர் சுற்ற வருவார்களா?

"ஞாயித்துக்கெழம வாக்கா, எனக்கு லீவு. நானே சுத்திக் காட்றேன்" என்றுதான் குப்புராஜ் சொன்னான்.

"நீ இன்னாத்துக்குடா? அவ காட்டுவா" என்று வந்து இறங்கிவிட்டாள் மகராசி. பெரம்பூர் ஒர்க்ஷாப்புக்கு அவன் டூட்டிக்குக் கிளம்பியதும், இவர்கள் இருவரும் கிளம்பினார்கள்.

அஞ்சம்மாள் வாயைக் கிளறிப் பார்த்தாள். "தை அமாவாசன்னா திருவள்ளூர் குளத்துல முங்காம சோறு துன்ன மாட்டீங்களே அண்ணி? இந்த வருசம் அங்கியே ரயிலேறி இங்க வந்துட்டீங்க?"

"எப்பப் பாத்தாலும் குளமா? எனக்கும் பட்டணம் பாக்க ஆச இருக்காதா?"

அந்த ஆசையின் லட்சணம் எழும்பூரில் தெரிந்துவிட்டது. செத்த காலேஜ் என்கிற மியூசியத்தில் கூரை உயரத்துக்குத் திமிங்கில எலும்பு.

"பாருங்க அண்ணி, எம்மாம் பெருசு!"

"பாத்தேன், பாத்தேன். கடலு எங்கமே?"

உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிசாலையில் சிங்கம் கொட்டாவி விட்டது.

"எங்க ஊட்டு நாய்கூடத்தான் இப்டி வாயத் தெறக்குது. கடலுக்கு எப்போ போறது?"

மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடம். ஊர்க்காரர்கள் கழுத்து சுளுக்க அண்ணாந்து மாடியை எண்ணுவார்கள். இவள் நிமிரவே இல்லை. மடியில் ஒரு துணி முடிச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மறுபடி அஞ்சம்மாள் கையைப் பார்த்தாள்.

சே, என்ன பேஜாரு என்றிருந்தது அஞ்சம்மாளுக்கு. இருந்தாலும் மரியாதைக்குக் கையை நீட்டினாள். "முடிச்சக் குடுங்க அண்ணி. நான் எடுத்துக்கினு வரேன்."

"தொடாதமே!"

அஞ்சம்மாளுக்குச் சுருக்கென்றது. நம்ம கை பட்டால் தீட்டா? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவள், மெரினா வந்ததும்தான் முகத்தைத் திருப்பினாள்.

"அடேங்கப்பா!" கடலைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள் பூவம்மாள். அடுத்த நிமிஷம் மணலை இப்படியும் அப்படியும் நோட்டம் விட்டாள்.

"நம்ம ஊர்க்காரங்க யார்னா கீறாங்களா பாருமே."

"இங்க யாரு அண்ணி வரப்போறாங்க?"

"அதான் வோணும். வா!"

இடுப்பில் புடவையைச் சொருகிக்கொண்டு, அஞ்சம்மாளையும் இழுத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ஒரு வெல்ல அச்சு.

அடுத்து அவள் செய்ததில் அஞ்சம்மாளுக்கு உயிரே போய்விட்டது. வலது கையைப் பிடித்து, தலைப்பைச் சரக்கென்று விலக்கினாள்.

"ஐயோ! வுடுங்க அண்ணி!"

விடவில்லை. வெள்ளை படர்ந்த அந்தக் கையில் வெல்லத்தை வைத்து, தன் இரண்டு கையாலும் பொத்தி, அலைக்குள் அமுக்கினாள்.

"நேந்துக்கினு முடிஞ்சது. தண்ணில எறங்கற வரிக்கும் யாரும் தொடக்கூடாது. அதான் அதட்டுனேன்."

"உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"போன வருசம் பொங்கலுக்கு நீ ஊருக்கு வந்து சோறு போடறப்பவே பொட்டாப் பாத்தேன். யாராண்டயும் வாயத் தெறக்கல. இது கரையறாப்பல அதுவும் கரைஞ்சி பூடும், பாரேன்."

"தோல் வியாதிக்கு வெல்லம் கரைக்கறது திருவள்ளூர் குளத்துலதான அண்ணி?"

"குளத்துல கீற பெருமாளு கடல்ல மட்டும் இல்லாமயா பூடுவாரு?"

அஞ்சம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இவளையா காலையிலிருந்து மனசுக்குள் கரித்துக்கொட்டினோம் என்று வெட்கமாகவும் இருந்தது. "வெல்லத்தோட உப்பும் போடணும்னு சொல்லுவீங்களே?"

"அதான் அவரே போட்டு வெச்சிக்கீறாரே!"

வெல்லம் கரைந்துகொண்டிருந்தது. அலை இழுக்க இழுக்கப் பூவம்மாள் பிடியை இறுக்கினாள்.

"கழனில அறுப்பு கெடக்க, நீங்க ஏன் அண்ணி இம்மாந்தூரம் வரணும்? என்னத் திருவள்ளூருக்கே வரச் சொல்லியிருக்கலாமே?"

பூவம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போடி பைத்தியக்காரி! இன்னிக்கு நம்ம ஜனம் பூரா அந்தக் குளத்தாண்டதான் நிக்கும். 'அஞ்சம்மா எதுக்கு வெல்லம் கரைக்கறா'ன்னு எவளாவது கேட்டா, இந்தக் கைய எங்கமே ஒளிச்சி வெப்ப?"