சுத்து வழி

"டாக்சியா? பார்டர் தாண்டி ஒருத்தனும் வரமாட்டான் கண்ணு. அந்தப் பக்கம் பர்மிட்டு கேட்டு உயிர வாங்குவான். வா, நான் கூட்டிக்கினு போறேன்."

ஏர்போர்ட் வாசலில் தீபாவின் பெரிய பையைப் பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டார் பரந்தாமன். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறவர். மகளை அழைக்க வரும்படி யாரும் சொல்லவில்லை. தானாக வந்து நின்றார்.

தீபாவுக்கு எரிச்சலான எரிச்சல். புனேயிலிருந்து விடிகாலை விமானம் பிடித்து அவள் வந்ததே ஈத்தலகோனா மலை ஏறத்தான். திருத்தணி தாண்டி, ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம். மாதக்கணக்கில் ஆசைப்பட்ட பயணம். குழு அடிவாரத்திலிருந்து மதியம் ரெண்டு மணிக்குக் கிளம்பிவிடும். யாருக்காகவும் நிற்கமாட்டோம் என்று கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"போற வழிதானே, வூட்டுக்கு ஒரு எட்டு..."

"அதான் அம்மாகிட்டயே சொல்லிட்டேனே நைனா. இந்த வாட்டி டைம் இல்ல. மலையிலருந்து எறங்கி நேரா ஏர்போர்ட்டு."

"ஆங், சரி சரி."

எதிரிலேயே திரிசூலம் ஸ்டேஷன். மின்சார ரயிலில் ஏறி, பார்க்கில் இறங்கி, சென்ட்ரலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனால், திருத்தணி ஃபாஸ்ட் வண்டி கிளம்பத் தயாராக நின்றது.

"ஏறு நைனா, ஏறு!"

"அய்ய, இதுல நிக்கக்கூட எடமில்ல. அடுத்த வண்டில ஜம்முனு உக்காந்துகினு போலாம்."

கண்ணெதிரே வண்டி போனது. தீபா பல்லைக் கடித்தாள்.

அடுத்த வண்டி இருக்கிற ஸ்டேஷன் அத்தனையிலும் நின்றது. தீபா போனையே நோண்டிக்கொண்டிருந்தாள். 'லேட்டாகும், ப்ளீஸ் வெயிட்' என்று குழுத் தலைவி சுஜாதாவுக்கு அனுப்பிய செய்திக்கு ஒரே ஒரு டிக். அடிவாரத்தில் டவர் கிடையாதாம்.

"கோடி வூட்டு தேவிப்பிரியாவுக்குப் பையன் பொறந்துகிறான், தெரியுமா?"

"ம்."

"மணவூர் வந்துடுச்சு பாரு. சின்னதுல இங்க ஒரு கல்யாணத்துல நீ காணாம பூட்டு, அப்புறம் சமையல்காரங்கூட உக்காந்து அப்பளம் துன்னுகினு இருந்த."

"நைனா, கொஞ்சம் சும்மா வர்றியா? எனக்கே தலை வெடிக்குது."

பரந்தாமன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அரக்கோணம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

திருத்தணியில் இறங்கியதும் வேறு கூத்து.

"இங்க எறங்கிட்டு முருகனுக்கு ஒரு கும்புடு போடாம போறதா? அடிவாரத்துல ஒரு கற்பூரம் கொளுத்திட்டு ஓடியாந்துடலாம்."

"அவங்க போயிடுவாங்க நைனா!"

"முருகன் நிறுத்தி வெப்பான், வா."

கற்பூரம் கொளுத்திவிட்டு வருவதற்குள் நகரி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வரும்வரை, "ஒரு டீ அடிப்போமா?" என்றார். அந்த பஸ்ஸும் வந்தது. ஜன்னலோரம் காலியில்லை, இதுக்கு அடுத்ததில் போகலாம் என்று இழுத்தாரே, அப்போதுதான் தீபாவுக்கு அழுகையே வந்துவிட்டது. அவரைக் கையைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து ஏற்றினாள்.

நகரியில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, மண் ரோட்டில் எலும்பெல்லாம் குலுங்க, அடிவாரம் வந்து சேர்ந்தபோது மணி ரெண்டே முக்கால்.

ஒரு ஈ காக்கா இல்லை. பூட்டிய பெட்டிக்கடை. அதன் பக்கத்தில் வரிசையாக மூன்று டாக்சிகள். மூன்றிலும் தமிழ்நாட்டு நம்பர்!

"பார்டர் தாண்டி ஒருத்தனும் வரமாட்டான்னியே நைனா. இதெல்லாம் பறந்து வந்துச்சா?"

பரந்தாமன் தலையைச் சொறிந்தார்.

"காசு பெருசுன்னா என்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல? நான் குடுக்க மாட்டேனா? பொய் சொல்லி, ஊரெல்லாம் சுத்தவெச்சு... உன் கஞ்சத்தனத்துல எல்லாமே போச்சு. இனிமே என்னைக் கூப்பிட வராதே!"

"கோச்சிக்காத கண்ணு. பாறை வழுக்கும், பாத்து ஏறு."

பையை அவளிடம் கொடுத்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டார். தீபா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டோ சத்தம் தேய்ந்து போன பிறகு, பையைக் கீழே போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

"தீபாதானே?"

நிமிர்ந்தாள். பெட்டிக்கடைக்குப் பின்னாலிருந்து தொப்பியும் கையில் கழியுமாக ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், புளியமர நிழலில், ஒரு கூட்டமே உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது.

"நான் சுஜாதா. ஏன் அழுவுறீங்க? வாங்க, மூணு மணிக்குத்தான் ஏறப்போறோம்."

"ரெண்டு மணின்னு..."

"அதெல்லாம் நேத்தே மாத்தியாச்சு. எங்க உங்கப்பா? பூட்டாரா? அடடா, பாக்கலாம்னு இருந்தேனே. நாங்க கூடாரம் எல்லாம் எடுத்துட்டு நேத்தே வந்துட்டோம். தறிய நிறுத்திட்டு, பஸ் மாறி பஸ் மாறி இங்க வந்து நிக்கிறாரு மனுஷன்."

"நேத்தா? எதுக்கு?"

"'எம்பொண்ணு இந்த வாட்டி வூட்டுக்கு வர்லன்ட்டாம்மா. டாக்சின்னா படுத்துத் தூங்கிட்டு வந்து எறங்கிடுவா. நான் ரயிலு, பஸ்ஸுன்னு சுத்து வழியா கூட்டிக்கினு வரேன், எம்பக்கத்துலயே உக்காந்துகினு வருவா. ஒரு மணி நேரம் மட்டும் நில்லுங்க, அவகிட்ட சொல்லிடாதீங்க'ன்னு கையைப் பிடிச்சிக்கிட்டாரு. எங்களால மாட்டேன்னு சொல்ல முடியல."

தீபா ரோட்டைப் பார்த்தாள். புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது. போனை எடுத்தாள். டவர் இல்லை.

சுஜாதா அவள் தோளைத் தட்டிச் சிரித்தபடி கேட்டாள்:

"அப்புறம்? வழியெல்லாம் அப்பாவும் பொண்ணும் ஆசைதீரப் பேசிக்கிட்டு வந்தீங்களா?"