வாத்தின் கழுத்தில் கோடு

"இந்தப் பொண்ணை அந்த மெஷின்லேருந்து எடுங்க. இல்லேன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன்."

அச்சகத்துக்குள் நுழைந்ததும் டிசைனர் சொன்ன முதல் வார்த்தை இதுதான். கையிலிருந்த வால்பேப்பர் சுருளை முதலாளியின் மேஜைமேல் பிரித்துப் போட்டார். நீலத் தரையில் நூற்றுக்கணக்கான மஞ்சள் வாத்துகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, வெட்டி ஒட்ட வைத்த மாதிரி.

நாளை காலை திறக்கப்போகும் மழலையர் பள்ளியின் சுவருக்குப் போக வேண்டிய வாத்துகள் அவை.

முதலாளிக்கு வியர்த்துவிட்டது. ஆறு வருஷ வாடிக்கை இது. இத்தனை நாள் அந்த மெஷினை ஓட்டியவரை அச்சகமே 'சித்தப்பா' என்றுதான் கூப்பிடும். வீட்டில் இரட்டைக் குழந்தை பிறந்து மனிதர் ஒரு மாத லீவில் இருந்தார். அவர் இடத்துக்கு வந்து மூன்றே நாள் ஆன ஆபரேட்டர் பெண், மெஷின் ஓரமாக நின்றாள்.

"சித்தப்பா இருந்தவரைக்கும் ஒரு புள்ளி பிசகினது உண்டா?"

இல்லை என்று முதலாளி தலையாட்டினார். இவளை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசிப்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அது அவளுக்கும் தெரிந்தது.

மை மாற்றியாச்சு, மை தெளிக்கும் ஹெட்டைச் சுத்தம் செய்தாச்சு, வேறு பேப்பரும் போட்டுப் பார்த்தாச்சு, கோடு போகவில்லை என்றாள்.

"கடைசியா டிசைனைப் படுக்க வச்சு அடிச்சேன் மேடம். மெஷின் கோளாறுன்னா கோடு கழுத்தை விட்டு வேற பக்கம் போயிருக்கணும். அப்பவும் கழுத்துலயேதான் நிக்குது. ஃபைல்லதான் ஏதோ..."

"என் ஃபைல்லயா?"

டிசைனர் சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை. வாத்து வரைந்த ஒரே சதுரப் பெட்டியைத்தான் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியிருக்கிறது, பெட்டிகள் சேருமிடம் வாத்தின் கழுத்தில் வருகிறது, அங்கே ஸ்கிரீனில் கோடு மாதிரி தெரியும், அது வெறும் கண்கட்டு, பிரிண்ட்டில் என்றைக்கும் வந்ததில்லை என்று மூச்சு விடாமல் பாடம் எடுத்தார்.

"கண்டவங்க நோண்டக் கூடாதுன்னுதான் சீட்டிலேயே எழுதறேன்" என்று ஆர்டர் சீட்டைத் தட்டிக் காட்டினார். சிவப்பு மையில், இரண்டு அடிக்கோட்டுடன் இருந்தது: 'ஃபைலில் யாரும் கை வைக்கக் கூடாது.'

"அதனாலதான் நான் கை வைக்கல மேடம்" என்றாள் ஆபரேட்டர்.

இவளுக்கு வாய் வேறா என்று டிசைனருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை எடுத்துச் சித்தப்பாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

அந்தப் பக்கம் இரண்டு குழந்தைகள் போட்டி போட்டுக்கொண்டு கத்தின. கோபத்திலும் வாழ்த்துச் சொல்ல மறக்கவில்லை டிசைனர். சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஆறு வருஷமா என் ஃபைலை அப்படியேதானே அடிச்சீங்க சித்தப்பா? இவங்களுக்குக் கொஞ்சம் சொல்லுங்க."



"சீட்டைப் பார்த்து அப்படியே அடிச்சுட்டாளா?" என்றார் சித்தப்பா மெதுவாக. "என் தப்புதாம்மா. அவகிட்ட சொல்லிட்டு வந்திருக்கணும். உங்க ஃபைல் வந்தா, பெட்டியெல்லாம் ஒன்னு மேல ஒன்னு மயிரிழை ஏத்தி விட்டுட்டுத்தான் அடிப்பேன். பத்து நிமிஷ வேலை."

"ஒவ்வொரு தடவையுமா?"

"முதல் பிரிண்ட்டைப் பார்த்துட்டு, என் ஃபைல்ல ஒரு குறை சொல்லுங்க பார்ப்போம்னு குதிச்சீங்களே, ஞாபகம் இருக்கா? அவ்வளவு சந்தோஷத்துல எப்படிம்மா சொல்றது? அப்புறம் அப்படியே பழகிப்போச்சு."

டிசைனருக்கு முகம் சிவந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது, இந்தத் தடவை நல்ல சிரிப்பு.

ஆபரேட்டர் பெட்டிகளை மயிரிழை ஏற்றி விட்டு அடித்தாள். வாத்துகள் முழுக் கழுத்தோடு வரிசையாக வெளியே வந்தன. இரட்டையர் தொட்டிலுக்குப் பின்னால் ஒட்ட இரண்டு கஜம் தனியாக வெட்டி வாங்கிக்கொண்டார் டிசைனர்.

"சித்தப்பா திரும்பி வந்தாலும் இந்தப் பொண்ணை அனுப்பிடாதீங்க" என்றார் முதலாளியிடம்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, சீட்டில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: 'ஃபைலில் தப்பு இருந்தால் தயங்காமல் சொல்லவும். கோபப்பட மாட்டேன்.'

படித்துப் பார்த்தார். தன்னைப் பற்றித் தனக்குத் தெரியாதா என்ன? 'கோபப்பட' என்பதற்கு முன்னால் சின்னதாக ஒரு வார்த்தையை நுழைத்தார்: 'அதிகம்.'